நாலு சீட்டு, நாலு முடிவு

உள்ளாட்சித் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடுவது என்பதை, அறிவிப்பு வந்த பிறகு யோசிக்கலாம் என்று இருந்துவிட்டால் நாள் போதாது. 2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வேட்புமனு டிசம்பர் 9 முதல் 16 வரை. மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் 19. முதல் கட்ட வாக்குப்பதிவு 27. களத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்பது உறுதியானதிலிருந்து ஓட்டுச்சாவடிக்குப் போகும் நாள் வரை எட்டே நாள். அப்போது விடுபட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021-இல் நடந்தபோதும் செப்டம்பர் 25-க்கும் அக்டோபர் 6-க்கும் இடையில் பதினோரு நாள்தான். அந்த நாள்கள் முழுக்க ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, வாசலில் கும்பிடு, இரவில் வாட்ஸ்அப் நிறையப் போஸ்டர். ஒருவரைப் பற்றி நாலு பேரிடம் நிதானமாக விசாரிக்க அந்தச் சந்தடியில் இடமே கிடையாது.

அதனால் பிரசாரச் சத்தம் இல்லாதபோதே இதை எழுதுகிறேன். 2019-இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். எங்கள் ஊரும் அந்த 27 மாவட்டக் கணக்கில் வருவது. இதற்கு முன்பும் இப்படித்தான், 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, அடுத்த தேர்தல் நடக்க மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் பெண்கள் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்த காலம் அது. தெருவில் எதிர்ப்படும் ஒருவரை நிறுத்தி, "ஏங்க தலைவரே, தண்ணி என்னாச்சு?" என்று கேட்க முடிவது எவ்வளவு பெரிய உரிமை என்று அந்த மூன்று வருஷம்தான் எங்கள் ஊருக்குக் காட்டியது. அந்த உரிமையை யார் கையில் கொடுக்கிறோம் என்பதைக் கடைசி எட்டு நாளுக்கு விடக் கூடாது.

2019-இல் ஓட்டுப் போடுவதற்கு முந்தின நாள் எதிர்வீட்டு அத்தை கேட்டார்: "ஏன் தம்பி, நாலு சீட்டு குடுக்குறாங்களாமே, நாலுலயும் நம்ம சின்னத்தையே பாத்துக் குத்திட்டா தீந்துச்சுல்ல?"

நியாயமான கேள்வி. பல வருஷமாகச் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் அப்படிக் குத்திப் பழகிய கை அது. ஆனால் கிராமத்தில் அது பாதிதான் நடக்கும். வெள்ளைச் சீட்டு ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு, இளஞ்சிவப்பு ஊராட்சித் தலைவருக்கு. இந்த இரண்டிலும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ என்று சுயேச்சைச் சின்னங்கள்தான் இருக்கும். பச்சைச் சீட்டு ஒன்றியக் கவுன்சிலருக்கு, மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கு. இவை இரண்டிலும் கட்சிச் சின்னம் உண்டு. அத்தைக்கு இதைச் சொன்னதும், "அப்ப தலைவருக்கு ஆளப் பாத்துத்தான் போடணும்" என்றார். சட்டம் எதிர்பார்ப்பதும் அதைத்தான். ஊராட்சித் தலைவரைக் கட்சியை வைத்து எடைபோடாதே, ஆளை வைத்து எடைபோடு என்கிறது. ஆளை எடைபோட நாம் எவ்வளவு நேரம் செலவிடுகிறோம் என்பதுதான் என் கவலை.

சின்ன ஊரில் ஒரு சங்கடம் உண்டு. வேட்பாளரை நமக்கு முன்பே தெரியும். அவர் அப்பாவைத் தெரியும், எந்தத் தெரு, எந்தக் குலதெய்வம், யார் வீட்டில் பெண் எடுத்தார் என்பதெல்லாம் தெரியும். சென்னையில் வார்டு கவுன்சிலரின் முகமே தெரியாமல் ஓட்டுப் போடுகிறவருக்கு நம் நிலைமை பொறாமையாகக்கூட இருக்கும். ஆனால் இத்தனை தெரிந்தும், அவர் கடைசியாக எப்போது கிராம சபையில் எழுந்து பேசினார் என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் வராது. உறவுமுறை தெரிந்திருப்பதை ஆளைத் தெரிந்திருப்பதாக எடுத்துக்கொண்டுவிடுகிறோம். "நம்ம பங்காளி", "நம்ம தெருப் பையன்", "கேட்டா மறுக்க முடியாது" என்பதெல்லாம் கல்யாணப் பத்திரிகை வைக்கச் சரி. ஐந்து வருஷத் தண்ணீரையும் சாக்கடையையும் ஒப்படைக்க அது காரணம் ஆகாது.

நான் முதலில் பார்ப்பது அந்தப் பதவியால் என்ன செய்ய முடியும் என்பதை. குடிநீர், தெருவிளக்கு, ஊருக்குள் போகும் சாலை, வடிகால், குப்பை, சுடுகாட்டுப் பாதை இவையெல்லாம் ஊராட்சியின் நேரடி வேலை. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் வசூலிப்பது ஊராட்சி. அரசு வீடு கட்டித் தரும் திட்டங்களில் பயனாளி பட்டியல் கிராம சபைக்கு வந்தாக வேண்டும். ஆனால் பட்டா மாறுதல் வருவாய்த் துறையின் வேலை, அதற்கு வி.ஏ.ஓ.வும் தாசில்தாரும் இருக்கிறார்கள். முதியோர் உதவித்தொகையும் அந்தப் பக்கம்தான். தலைவர் கூட வரலாம், ஒரு வார்த்தை பேசலாம், உத்தரவு போட முடியாது. இது தெரிந்துவிட்டால் வாக்குறுதி கேட்கும் விதமே மாறிவிடும். "ஜெயிச்சதும் எல்லாருக்கும் பட்டா" என்கிறவரைவிட, "மேலத்தெரு மோட்டார் அடிக்கடி எரியுது, மின்னழுத்தம் ஏன் விழுதுன்னு மின்வாரியத்துல எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வச்சிருக்கேன்" என்கிறவரிடம் ஐந்து நிமிஷம் கூடுதலாக நின்று பேசுவேன். முதலாமவர் பதவியைப் பற்றித் தெரிந்துகொள்ளவே இல்லை. அல்லது தெரிந்தே சொல்கிறார். இரண்டுமே நமக்கு நல்லதில்லை.

வார்டு உறுப்பினர் ஓட்டைப் பலரும் மொய் எழுதுகிற மாதிரி போட்டுவிடுகிறார்கள். "பாவம், ஒன்னுவிட்ட தம்பி நிக்கிறான்" என்று. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் துணைத் தலைவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக அந்த வெள்ளைச் சீட்டுதான் ஊர்ப் பணத்தின் இரண்டாவது பூட்டு. தலைவர் நீட்டும் காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவரும் வேண்டாம், கமிஷன் வரும் வரை கையெழுத்தை நிறுத்தி வைக்கிறவரும் வேண்டாம். அதேபோல ஒன்றியக் கவுன்சிலர்கள் சேர்ந்துதான் ஒன்றியக் குழுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊர்த் தொடக்கப் பள்ளிக் கட்டடமும், பக்கத்து ஊரை இணைக்கும் ஒன்றியச் சாலையும் அங்கேதான் போகின்றன. அதனால் பச்சைச் சீட்டு கேட்க வருகிறவரிடம், "யாரை ஒன்றியத் தலைவராக்கப் போறீங்க?" என்று கேட்பது நம் உரிமை.

இனி, ஆளை எப்படி விசாரிப்பது?

கிராம சபையில் தொடங்குங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள்கள் முன்பிருந்தே உண்டு. மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் பிறகு சேர்ந்தன. வருஷத்துக்கு ஆறு முறை ஊர்க் கணக்கை எல்லார் முன்னாலும் படிக்கிறார்கள். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நாளைக்குத் தலைவராக நிற்க நினைக்கிறவர் இன்றைக்கு அந்தப் பந்தலில் இருக்கிறாரா என்று பாருங்கள். வரவு செலவு படிக்கும்போது காது கொடுக்கிறாரா, செல்போனைப் பார்க்கிறாரா? காலனியிலிருந்து வந்த பெண் கேள்வி கேட்டால் அவளைப் பேச விடுகிறாரா, "நீ உக்காரும்மா" என்கிறாரா? கூட்டமே நடத்தாமல் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி முடிக்கிற ஊர்களும் உண்டு. அப்படி நடக்கும்போது எழுந்து "இது தப்பு" என்று சொன்னவர் யார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு குறிப்பு, எட்டு நாள் பிரசாரத்தில் கிடைக்கும் எல்லாத் தகவலையும்விடப் பெரியது.

ஏற்கெனவே பதவியில் இருந்தவர் மறுபடி நின்றால் வேலை இன்னும் சுலபம், ஏனென்றால் அவருடைய ஐந்து வருஷம் காகிதத்தில் இருக்கிறது. மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால், அந்த ஊராட்சிக்கு எந்த வேலை திட்டமிட்டார்கள், எவ்வளவு செலவு காட்டினார்கள் என்பது வரும். நான் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு சாயங்காலம் அந்தத் தெரு வழியாக நடப்பேன். வடிகால் கட்டியதாக எழுதியிருந்தால் வடிகால் இருக்கிறதா, சின்டெக்ஸ் தொட்டி வைத்ததாக இருந்தால் அதில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பேன். இணையத்தில் கிடைக்காததற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். பதிலுக்கு முப்பது நாள் அவகாசம். தேர்தல் அறிவித்த பிறகு எழுதினால் ஓட்டு எண்ணி முடித்த பின்தான் பதில் வரும் என்பதால் இதையும் முன்கூட்டியே செய்ய வேண்டும்.

புதிதாக நிற்கிறவர் என்றால் அவர் வேட்புமனுவோடு கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரத்தைக் கேளுங்கள். குற்ற வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் எழுதியாக வேண்டும். நாடாளுமன்ற, சட்டமன்ற வேட்பாளர்கள் இவற்றைச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. உள்ளாட்சி வேட்பாளர்களிடமும் இப்போது கேட்கிறார்கள். வழக்கு என்று இருந்தாலே ஒதுக்கிவிடாதீர்கள். மதுக்கடையை மூடச் சொல்லி மறியல் செய்ததற்கு ஒரு வழக்கு இருக்கலாம், ஆற்று மணல் அள்ளியதற்கு ஒரு வழக்கு இருக்கலாம். இரண்டும் ஒரே கட்டத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். பிரித்துப் பார்ப்பது நம் வேலை. இன்னொன்றையும் கவனியுங்கள். ஊராட்சியோடு நடப்பில் ஒப்பந்தம் வைத்திருக்கிறவர் போட்டியிட முடியாது. அதனால் ஒப்பந்தம் மைத்துனர் பெயரில் இருக்கும், வேட்புமனு இவர் பெயரில் இருக்கும். எந்தப் பத்திரத்திலும் இது தெரியாது. டீக்கடையில் தெரியும்.

பெண்களுக்கு ஒதுக்கிய இடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்தது. அதன் பிறகும் பல ஊர்களில் போஸ்டரில் கணவர் படம் பெரிதாக, வேட்பாளர் படம் சின்னதாக இருக்கிறது. ஓட்டுக் கேட்க வரும்போது கணவர் பேசுவார், அந்தம்மா கும்பிடுவார். எங்கள் வாசலுக்கு வந்தபோது என் மனைவி செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. "அண்ணே, நீங்க கொஞ்சம் திண்ணையில உக்காருங்க, நான் அக்காகிட்டத்தான் பேசணும்" என்று சொல்லி உள்ளே அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்து, பள்ளிக்கூடக் கழிப்பறையைப் பற்றிக் கேட்டாள். அந்தப் பெண் பத்து நிமிஷம் பேசினார். மகளிர் சுயஉதவிக் குழுவில் வருஷக்கணக்காகக் கணக்கு எழுதியவர், ஒரு பைசா பிசகாமல் சொல்லக்கூடியவர் என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. வாசலிலேயே நின்றிருந்தால் அவர் கணவருடைய குரலை மட்டும்தான் கேட்டிருப்போம். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் 2019-இல் தலைவராக வென்ற வீரம்மாளுக்கு வயது 79. வயது தடையில்லை என்று ஓட்டுப் போட்டவர்கள் முடிவு செய்தார்கள்.

பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் கேள்வி இன்னும் கூர்மையானது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பதவியில் உட்கார்ந்ததுதான் அவர் செய்த 'குற்றம்'. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996-இலிருந்து பத்து வருஷம் முறையாகத் தேர்தல் நடத்தவிடவில்லை. 2006-இல்தான் நடந்தது. 2020-இல்கூட, கடலூர் மாவட்டத்தில் ஒரு பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியானது. ஆகவே ஒதுக்கீட்டு ஊராட்சியில் நிற்கும் வேட்பாளர் ஒவ்வொருவரையும் யார் நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். பெரிய வீட்டுத் திண்ணையில் கைகட்டி நின்று சம்மதம் வாங்கியவரா, தன் தெருவுக்காகத் தானே பேசியவரா? அதைவிட முக்கியமாக, வார்டு உறுப்பினருக்கு நிற்கிற மற்றவர்களிடம், "தலைவர் நாற்காலியில யார் உக்காந்தாலும் பக்கத்து நாற்காலியில உக்காருவீங்களா?" என்று முகத்துக்கு நேராகக் கேளுங்கள். தயங்கினால் அவருக்கு ஓட்டு இல்லை. நான் இதில் விட்டுக்கொடுப்பதே கிடையாது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019-இல் ஊராட்சித் தலைவர் வேட்பாளர் செலவு செய்யலாம் என்று வைத்த உச்சவரம்பு 34,000 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 9,000. தலைவருக்குக் கிடைக்கும் மதிப்பூதியமோ சொற்பம். ஒருவர் தெருத் தெருவாகப் பிரியாணிப் பொட்டலமும் கவருமாக லட்சக்கணக்கில் இறக்கினால், அந்தப் பணம் எந்த வழியாகத் திரும்பி வரும் என்று நம் வீட்டுப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பதவியையே கோயில் திருப்பணிக்கென்று ஏலம் விடும் ஊர்கள் உண்டு. அங்கே ஓட்டுச்சீட்டே அச்சாவதில்லை, போட்டியின்றித் தேர்வு என்று அறிவித்துவிடுவார்கள். கோபுரத்துக்கு வர்ணம் ஏறும். ஆனால் அந்த ஊரில் ஒரு ஏழை ஐந்து வருஷத்துக்குக் கேள்வி கேட்க முடியாது, "காசு குடுத்து எடுத்த பதவி" என்று வாயை அடைத்துவிடுவார்கள். ஏலம் சட்டப்படி குற்றம் என்பதோடு, அது ஊருக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன்.

யார் வந்தாலும் ஒன்றுதான் என்று சலிப்பவர்களுக்கு இரண்டு ஊர்களைச் சொல்வேன். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை. ஆர். சண்முகம் 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்த அந்த ஊராட்சி, சேமித்த பணத்தோடு வங்கிக் கடனும் வாங்கி 1.55 கோடி ரூபாயில் சொந்தமாக ஒரு காற்றாலை வாங்கியது. 350 கிலோவாட் திறன். தன் தேவை போக மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் இரா. இளங்கோ, விஞ்ஞானி வேலையை விட்டுவிட்டு வந்து 1996-இல் தலைவரானவர். பட்டியல் சாதிக் குடும்பமும் மற்ற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளைக் கட்டிக் குடியேற்றினார். இந்த இருவருக்கும் இருந்த சட்டமும் பக்கத்து ஊராட்சித் தலைவர்களுக்கு இருந்த சட்டமும் ஒன்றுதான், 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். வேறாக இருந்தது ஆள்.

நகரத்தில் இருக்கிற நண்பர்களுக்கு: உங்கள் கையில் ஒரே ஓட்டு. 2022 பிப்ரவரி 19 அன்று நீங்கள் வார்டு கவுன்சிலருக்கு மட்டும் வாக்களித்தீர்கள். மேயரையும் நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களையும் மார்ச் 4 அன்று கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஒரு ஓட்டில் கட்சியையும் ஆளையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருப்பதால் உங்கள் வேலை எங்களுடையதைவிடக் கடினம்.

விசாரித்து முடித்ததும் நான் ஒரு பழைய நோட்டில் நான்கு பக்கம் ஒதுக்கிக்கொள்வேன். சீட்டுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பெயருக்கும் கீழே நான் கண்ணால் பார்த்தது தனியாக, பிறர் சொன்னது தனியாக எழுதுவேன். இதைக் கலக்காமல் வைப்பது முக்கியம். தேர்தல் நேரத்தில் ஊரில் கிளம்பும் பேச்சில் பாதி, எதிராளி கிளப்பியது. முடிவு எடுத்த பிறகு நான்கு சின்னங்களையும் மனதில் ஏற்றிக்கொள்வேன். சாவடிக்குள் அலுவலர் நான்கு தாளையும் மடித்துக் கையில் கொடுத்து, பின்னால் வரிசை நெருக்கும்போது யோசிக்க முடியாது. அத்தைக்கும் அப்படித்தான் நிறம் சொல்லிச் சின்னம் சொல்லிக் கொடுத்தேன். யாருக்கு என்பதை அவரேதான் முடிவு செய்தார், நான் கேட்கவில்லை. முத்திரையைச் சின்னத்தின் மேல் ஒரே ஒரு முறை, கோட்டைத் தொடாமல் குத்த வேண்டும், தாளை மடிக்கும்போது மை அடுத்த கட்டத்தில் ஒட்டாமல் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னேன். சில நூறு ஓட்டுகள் மட்டுமே உள்ள வார்டில் செல்லாத ஓட்டு ஒன்றே வெற்றியை மாற்றிவிடும். இருவரும் சமமாக வந்து குலுக்கலில் முடிவான வார்டுகள் உண்டு.

அடுத்த கிராம சபை எந்தத் தேதியில் என்று பார்த்து, வேலை இருந்தாலும் ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள். அதற்கு முன்னால், உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எந்த வார்டில் இருக்கிறது என்று ஒரு முறை சரிபாருங்கள். வாக்காளர் அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டுப் போட முடியாது.